வாசகர் கேள்வி – பதில்: எக்ஸ்ரே அறைக்கு ஏன் வருகிறீர்கள்?

பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, என்ன படிப்பது என்பதைப் பற்றியே இருக்கும். இந்த முறை ரேடியோகிராஃபி குறித்து வந்தவற்றில் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அரசு மருத்துவமனைகளின் எக்ஸ்ரே பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், புத்தகத்தில் இருப்பதைவிட அறைக்குள் பார்த்ததையே அதிகம் சொல்வேன்.

கேள்வி: நீட் தேர்வில் மருத்துவ இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. ரேடியோகிராஃபி பட்டப்படிப்பில் சேரும்படி அக்கா சொல்கிறாள். ஒரு தனியார் கல்லூரியில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள். "ஏன் இந்தப் படிப்பு?" என்று அங்கே நிச்சயம் கேட்பார்களாம். "மக்களுக்குச் சேவை செய்ய" என்று சொன்னால் போதுமா? உண்மையில் எனக்கே காரணம் தெரியவில்லை.
– மாணவி, விருதுநகர் மாவட்டம்

பதில்: உங்களுக்கே காரணம் தெரியவில்லை என்று ஒளிக்காமல் எழுதியிருப்பது எனக்குப் பிடித்தது. 'சேவை' என்பது பொய்யான பதில் அல்ல. ஆனால் அதைச் செவிலியரும் சொல்லலாம், 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநரும் சொல்லலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் அன்று காலையிலிருந்து அதே பதிலை இருபது பேரிடம் கேட்டுக் களைத்திருப்பார்.

முதலில் ஒரு கசப்பைச் சொல்லிவிடுகிறேன். படம் எடுப்பவர் ரேடியோகிராஃபர்; அதைப் பார்த்து அறிக்கை எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட், அதாவது எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் கதிரியக்கவியலில் மேற்படிப்பும் முடித்த மருத்துவர். ஒன்று மற்றொன்றுக்குப் படிக்கட்டு அல்ல. கிடைக்காத மருத்துவ இடத்துக்கு ஆறுதல் பரிசாக இதை எடுத்துக்கொண்டால், பத்து ஆண்டுகள் கழிந்த பிறகும் பக்கத்து அறைக் கதவில் இருக்கும் பெயர்ப் பலகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருப்பீர்கள். அப்படிப்பட்ட இரண்டு மூன்று பேரோடு நான் வேலை பார்த்திருக்கிறேன். அதற்காக, ஆசைப்பட்டு வருபவர்கள் மட்டும்தான் வரவேண்டும் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அப்பா ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தன, டிப்ளமோவும் இரண்டு ஆண்டுகள், கணக்குச் சரியாக வந்தது. நான் சேர்ந்த கதை அவ்வளவுதான். சேர்வதற்கு எந்தக் காரணமும் இருக்கலாம், நிலைத்து நிற்பதற்குத்தான் வேறொரு காரணம் வேண்டும்.

என்னைப் பிடித்து நிறுத்திய காரணத்தைச் சொல்கிறேன். இரண்டு வாரமாக இருமல் இருக்கும் ஒரு பெண்மணி, காசநோயா என்று பார்ப்பதற்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டோடு மார்பு எக்ஸ்ரே எடுக்க வருகிறார். எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய நீளமான பின்னல் வலது தோளின்மேல் முன்பக்கமாகக் கிடக்கிறது. அப்படியே எடுத்தால் அந்தப் பின்னலின் நிழல் நுரையீரலின் உச்சியில் வெள்ளைத் திட்டாக விழும். காசநோய்த் திட்டு பெரும்பாலும் தோன்றும் இடமும் அதுவே. பின்னலைத் தூக்கிக் கொண்டையாக முடிந்துகொள்ளச் சொல்ல ஐந்து நொடி போதும். சொல்லாமல் விட்டால் இன்னொரு படம், சளிப் பரிசோதனை, முடிவு வரும்வரை வீட்டில் அவருடைய தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்துவைக்கும் மாமியார் என்று அந்த ஐந்து நொடிக்கு அவர் கொடுக்கும் விலை பெரிது.

அடுத்தது தாலிச் சரடு. கழற்றச் சொன்னால் பலர் சம்மதிக்க மாட்டார்கள். கணவர் அதே மருத்துவமனையில் படுத்திருந்தால் அந்தச் சொல்லையே எடுக்கக் கூடாது. தங்கத்தின் அணு எண் 79, ஈயத்தின் அணு எண் 82. எக்ஸ்ரே கதிரைத் தடுப்பதில் இரண்டும் ஏறக்குறைய அண்ணன் தம்பி. போதாக்குறைக்குச் சரடில் நாலைந்து ஊக்குகள் வேறு தொங்கும். "கழட்ட வேண்டாம்மா, அப்படியே மேலே தூக்கி வாயில கவ்விக்குங்க" என்போம். முகவாய்க்கு மேலே போய்விட்டால் படத்தில் விழாது, அவருக்கும் மனக்குறை இராது. பிறகு கைகளை இடுப்பில் வைத்து முழங்கைகளை முன்னே தள்ளச் சொல்வது, தோள்பட்டை எலும்பு நுரையீரலின்மேல் விழாமல் விலகுவதற்காக. கதிர் புறப்படும் எக்ஸ்ரே குழாயை 6 அடி தள்ளி நிறுத்துவது, இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியாமல் இருப்பதற்காக. மூச்சை நிரம்ப இழுத்துப் பிடிக்கச் சொல்வது, நுரையீரலின் அடிப்பகுதியும் விரிந்து தெரிவதற்காக.

எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகாது. முன்பின் தெரியாத, பயந்து போயிருக்கிற ஒருவரை அவருடைய மானம் கெடாமல் நம் சொல்லுக்கு நிற்கவைத்து, ஒரே முறையில், தேவையான அளவுக்கு மேல் துளியும் கதிர் படாமல், மருத்துவர் நம்பிப் பார்க்கத்தக்க ஒரு படத்தைக் கொண்டுவருவதுதான் இந்த வேலை. ஒவ்வொரு நாளும் அறுபது எழுபது தடவை அது சரியாக வரும்போது கிடைக்கிற நிறைவு வெளியே யாருக்கும் தெரியாது. அறிக்கையில் நம் பெயரும் இருக்காது. அந்த நிறைவு உங்களுக்குப் போதுமா என்பதைத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8 அன்று. ஆறு வாரம் கழித்து, டிசம்பர் 22 அன்று, தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்புகளோடு அவருடைய விரல் மோதிரமும் கறுத்த வளையமாக அதில் விழுந்திருக்கிறது. கழற்றச் சொல்ல அவருக்கும் மனம் வரவில்லையோ என்னவோ!

நேர்முகத் தேர்வுக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவின் வாசலில் உள்ள பெஞ்சில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை சும்மா உட்கார்ந்திருங்கள். முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழும் குழந்தையை உள்ளே இருப்பவர் எப்படி அழைத்துப் போகிறார், தள்ளுவண்டியில் இடுப்பெலும்பு முறிந்து வரும் பாட்டியை எத்தனை பேர் எப்படித் தூக்குகிறார்கள், யார் எரிந்து விழுகிறார், யார் எரிந்து விழவில்லை என்று பாருங்கள். எழுந்து வரும்போது உள்ளே போய்ப் பார்க்கவேண்டும் என்று தோன்றினால், அதையே அங்கே கண்டதோடு சேர்த்துத் தேர்வாளரிடம் சொல்லுங்கள். ஓடிவந்துவிடலாம் என்று தோன்றினால் அக்காவிடம் சொல்லுங்கள். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: இயற்பியல் பிடிக்காதவர்களுக்கு முதல் ஆண்டு கசக்கும். கிலோவோல்ட்டைக் கூட்டினால் கதிரின் ஊடுருவும் வலிமை கூடும், மில்லியாம்பியர்-நொடியைக் கூட்டினால் கதிரின் அளவு கூடும். பருத்த பயில்வானுக்கும் பிறந்த குழந்தைக்கும் எதை எவ்வளவு வைப்பது என்பது இந்த அடிப்படை புரியாமல் கைக்கு வராது.

கேள்வி: மகள் ரேடியோகிராஃபி படித்தே தீருவேன் என்கிறாள். கதிர்வீச்சில் நாள் முழுவதும் வேலை செய்தால் நாளைக்குக் குழந்தை பிறப்பதில் பிரச்சினை வரும், மாப்பிள்ளை வீட்டாரும் தயங்குவார்கள் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். அனுமதிக்கலாமா?
– ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: உறவினர்களின் பயம் முற்றிலும் கற்பனை அல்ல, காலம் கடந்த பயம். அமெரிக்காவில் எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டேலி, குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று தன் கைகளையே கதிருக்கு எதிரே நீட்டி நீட்டிப் பார்த்தவர். புற்றுநோயால் கைகளை இழந்து 1904இல் இறந்துபோனார். கதிர் உடலுக்குத் தீங்கு செய்யும் என்று தெரியாமல் வேலை செய்த தலைமுறை அது. அவர்களைப் பலிகொடுத்துத்தான் இன்றைய விதிகள் வந்தன.

இன்று உங்கள் மகள் நிற்கப்போவது நோயாளியின் பக்கத்தில் அல்ல, ஈயத் தடுப்புக்கோ ஈயக் கண்ணாடி பதித்த சுவருக்கோ பின்னால். எக்ஸ்ரே கருவியில் கதிர் என்பது, பொத்தானை அழுத்தும் நொடியின் ஒரு சிறு பங்கு நேரம் மட்டுமே இருப்பது. மின்விளக்கை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் தங்காததுபோல அதுவும் தங்குவதில்லை, உடையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வருவதில்லை. மார்புப் பகுதியில் டி.எல்.டி. பேட்ஜ் என்ற சிறு அட்டையை அணிந்திருப்பார். ஈய ஏப்ரன் போட்டால் அதற்கு உள்ளே அணிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி, அவர்மேல் எவ்வளவு கதிர் பட்டது என்று அளந்து பதிவு செய்வார்கள்.

நம் நாட்டின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு) என்றும், எந்த ஓர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்றும் வரம்பு வைத்திருக்கிறது. ஒழுங்காக நடக்கும் எக்ஸ்ரே பிரிவில் பணியாளர் இதன் அருகில்கூடப் போவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாகவே உலகத்தில் ஒவ்வொருவர் மேலும் படுவது சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். குமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் கேரளத்தின் கருநாகப்பள்ளியிலும் தோரியம் கலந்த கடற்கரை மணலால் இது இன்னும் அதிகம். அங்கேயும் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் நடக்கிறது, பிள்ளைகள் பிறக்கிறார்கள்.

கருவுற்றால் மறைக்காமல் உடனே நிர்வாகத்திடம் தெரிவிக்க வேண்டும் என்பதை மட்டும் மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். தெரிவித்த நாளிலிருந்து பிரசவம்வரை கருவுக்குப் படும் அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதற்கேற்ப அவருடைய பணியிடத்தை அமைத்துத் தருவது நிர்வாகத்தின் பொறுப்பு.

நீங்கள் உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ஈயத் தடுப்பு இல்லாமல், பேட்ஜ் கொடுக்காமல், 'ஒரு நிமிஷம் குழந்தையைப் பிடிச்சுக்கம்மா' என்று பணியாளரையே தினமும் பிடிக்கச் சொல்லும் சிறு சிறு சென்டர்கள் இருக்கின்றன. குழந்தையைப் பிடிக்கத்தான் வேண்டுமென்றால், ஏப்ரன் போட்டுக்கொண்டு உடன்வந்த உறவினர் பிடிக்க வேண்டும், அவரும் கர்ப்பிணியாக இருக்கக் கூடாது. வேலைக்குச் சேரும் நாளில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால், வாரியத்தின் உரிமம் இருக்கிறதா, என் பெயரில் பேட்ஜ் வருமா, தடுப்பு எங்கே என்று மகள் கேட்கட்டும். கேட்டதற்காக முகம் சுளிப்பவரிடம் வேலை பார்க்க வேண்டாம்.

பெண்களுக்கு இது புதிய வேலையும் அல்ல. முதல் உலகப் போரின்போது எக்ஸ்ரே கருவி ஏற்றிய வண்டிகளைப் போர்முனைக்குக் கொண்டுசென்ற மேரி கியூரி, அவற்றை இயக்குவதற்காகப் பாரிஸில் ஏறத்தாழ 150 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி எனக்குத் தெரியாது. என்னோடு வேலை பார்த்த பெண்களில் பலருடைய பேரக் குழந்தைகளின் காதுகுத்துக்குப் போய் வந்திருக்கிறேன்.

கேள்வி: இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 'பட்டன் அமுக்குகிறவன்' என்று விடுதியில் கேலி செய்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் இனி அந்த வேலையும் இருக்காது என்கிறார்கள். ஆர்வமே போய்விட்டது.
– மாணவர், திருநெல்வேலி

பதில்: பட்டனைச் சரியாகத்தான் அமுக்கினேன், இருந்தும் ஓர் உயிருக்கு ஆபத்தாக முடிய இருந்த கதையைச் சொல்கிறேன். 1990களின் தொடக்கத்தில் ஓர் இரவு, சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். மூச்சு வாங்கியது. படுக்கவைத்தபடியே மார்புப் படம் எடுத்தேன். வலது பக்கமா இடது பக்கமா என்று காட்டுவதற்கு, ஃபிலிமை வைக்கும் கேசட் என்ற தட்டையான பெட்டியின்மேல் வைக்கவேண்டிய ஈய எழுத்தை அவசரத்தில் வைக்க மறந்துவிட்டேன். டார்க் ரூமில் கழுவி எடுத்த பிறகு, இதுதான் வலது என்று நானே முடிவு செய்து பேனாவால் எழுதினேன். விலா எலும்பு முறிந்து, நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொண்டிருந்தது; குழாய் சொருகிக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

இதயம் சாய்ந்திருக்கும் பக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அடைத்த காற்று இதயத்தையே எதிர்ப்பக்கம் தள்ளியிருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். பணியில் இருந்த மருத்துவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டபோது, நான் எழுதிய பக்கத்தில் மூச்சொலி நன்றாகவே இருந்திருக்கிறது. ஈரம் சொட்டும் ஃபிலிமோடு டார்க் ரூமுக்கு வந்து, "இது எந்தப் பக்கம்? சத்தியமாச் சொல்லுங்க" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர் காதை நம்பியதால் கொத்தனார் பிழைத்தார். ஓய்வு பெறும்வரை என் சட்டைப் பையில் இரண்டு ஈய எழுத்துகள் தனியாக இருந்தன. இப்போதும் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன.

விடுதி நண்பர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, நீங்கள் நினைவில் வைத்திருந்தால் போதும். கேலியின் வலி பெரும்பாலும் நாமும் அதைப் பாதி நம்புவதால் வருகிறது.

செயற்கை நுண்ணறிவு பற்றிய பயத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அது குறி பார்ப்பது உங்களை அல்ல. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களிடம் காசநோயைச் சலித்தெடுப்பதற்கு மார்புப் படங்களை மனிதருக்குப் பதிலாக மென்பொருளே படிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்துவிட்டது. கிராமத்து முகாம்களுக்குக் கையடக்க எக்ஸ்ரே கருவியைத் தூக்கிக்கொண்டு போவதும் இங்கே தொடங்கிவிட்டது. இவையெல்லாம் படத்தைப் படிக்கும் வேலையை மாற்றுகின்றன. அந்தப் படத்தைத் தர, மூச்சை அரைகுறையாக இழுத்து, ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும் தாத்தாவை நேராக நிறுத்துவதற்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. எந்தக் கோணத்தில் எவ்வளவு கதிர் என்று கருவி பரிந்துரைக்கத் தொடங்கியிருப்பதால், வெறும் கணக்கை மட்டும் மனப்பாடம் செய்தவரின் மதிப்பு குறையும் என்பதையும் மறைக்கவில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். சிறிய ஊர்களில் இரவு இரண்டு மணிக்கு எடுக்கும் சி.டி. படங்கள் இணையம் வழியாக வேறு ஊரிலிருக்கும் ரேடியாலஜிஸ்டுக்குப் போகின்றன. அந்த நேரத்தில் படத்தை முதலில் பார்க்கும் கண் உங்களுடையது. அறிக்கை எழுத உங்களுக்கு உரிமை இல்லை, எழுதவும் கூடாது. ஆனால் மூளைக்குள் ரத்தம் கசிந்திருப்பதுபோலத் தெரிந்தால், வரிசைப்படி வரட்டும் என்று காத்திராமல் தொலைபேசியை எடுத்து "இதை முதலில் பாருங்கள்" என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லத் தெரிந்தவரை எந்த மருத்துவரும் பட்டன் அமுக்குகிறவர் என்று நினைப்பதில்லை.

கேள்வி: எனக்கு 29 வயது. திருமணப் புகைப்படம் எடுக்கிறேன். சீசன் இல்லாத மாதங்களில் வருமானம் இல்லை. நானும் படம் எடுப்பவன்தானே, ரேடியோகிராஃபிக்கு மாறலாமா? என்ன படிக்க வேண்டும்?
– வாசகர், கரூர்

பதில்: பிளஸ் டூவில் அறிவியல் பாடங்கள் படித்திருந்தால் வழி உண்டு. தமிழ்நாட்டில் பட்டப்படிப்பு, ஓராண்டுப் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் இரண்டாண்டு டிப்ளமோவும் நடந்துவந்திருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1934இல் தொடங்கிய பர்னார்டு கதிரியக்கவியல் நிலையம் இந்தத் துறையில் நம் மாநிலத்தின் பழைய பெயர்களில் ஒன்று. 2021இல் வந்த மத்தியச் சட்டத்தின்கீழ் இத்தகைய படிப்புகள் அனைத்தையும் ஒரே ஆணையம் ஒழுங்குபடுத்துவதால், அங்கீகாரம் இல்லாத ஆறு மாதச் சான்றிதழ் வகுப்புகளில் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். வயது வரம்பை இந்த ஆண்டின் விவரக்குறிப்பில் முதலில் பாருங்கள், உங்கள் விஷயத்தில் அதுதான் முக்கியம். 'ஸ்கேன்' என்றதும் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்டை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. நம் நாட்டில் அதைத் தகுதி பெற்ற மருத்துவர்தான் எடுக்க வேண்டும். சி.டி., எம்.ஆர்.ஐ., எக்ஸ்ரே, மேமோகிராம் ஆகியவைதான் உங்கள் பக்கம் வரும். அரசுப் பணிக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும், அது எப்போதாவதுதான் வரும். தனியார் சென்டர்களில் தொடக்கச் சம்பளம் ஒரு நல்ல முகூர்த்த மாதத்தில் நீங்கள் சம்பாதிப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் மார்கழியிலும் வரும்.

கூச்சப்படும் மணப்பெண்ணின் முகவாயைத் தொடாமலே, சொல்லாலேயே திருப்பி நிறுத்தும் பழக்கம் உங்களுக்கு இருக்கும். அது இங்கே பெரிய சொத்து. ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டியிருக்கும். மாலை மாற்றும்போது நாற்பது படம் எடுத்து அதில் ஒன்றை ஆல்பத்துக்கு எடுத்துக்கொள்வீர்கள். இங்கே இரண்டாவது படம் என்பது, எதிரே நிற்பவரின் உடம்பில் இரண்டாவது முறை கதிர். மார்புப் படத்தில் அது 0.1 மில்லிசீவர்ட்டுக்குள் அடங்கிவிடும், வயிற்று சி.டி.யில் அதைப்போல ஐம்பது மடங்குக்கு மேல் போகும். அதனால் முதல் படத்துக்கு முன்பே அரை நிமிடம் நின்று, எதிரே இருப்பவரைத் தலையிலிருந்து கால்வரை பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்: அரைஞாண் கயிற்றில் தாயத்து இருக்கிறதா, சட்டைப் பையில் பஸ் டிக்கெட்டோடு சில்லறை கிடக்கிறதா, மேல்சட்டையில் உலோகப் பொத்தான் இருக்கிறதா என்று.